கட்டத்துக்கு ஓர் எழுத்து

போன வாரம் தென்காசியிலிருந்து ஜட்கா பிடித்து ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சீசன், இரண்டு நாள் தங்கிக் குளிக்கலாமென்று ஏற்பாடு. என் வீட்டுக்காரர் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் புகுந்துவிட்டார். நான் அவர் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் ஒரு போர்டு. நீலத்தில் ரோஸ் எழுத்து, அதற்கு மஞ்சள் நிழல், எழுத்துக்கு எழுத்து சுருள் வால், இரண்டு ஓரத்திலும் தாமரை... தைலக் கடை விளம்பரம் என்று நினைத்தேன். அதையெல்லாம் யார் படிப்பார்கள்? நாலைந்து பேர் அதன்மேல் ஈரத் துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

"யம்மா, தண்ணி நெறம் மாறுது. ஒங்க வீட்டுக்காரவ உள்ளயா இருக்காவ?" என்றாள் பழம் விற்றுக்கொண்டிருந்த பெண்.

திரும்பினேன். வெள்ளையாக விழுந்த அருவி செம்மண்ணாக விழுந்துகொண்டிருந்தது. யாரோ தன் துண்டை உருவினார். அடியிலிருந்த எழுத்து அப்போதுதான் தெரிந்தது — 'தண்ணீர் கலங்கினால் உடனே கரையேறவும்.' சுருளையும் நிழலையும் விலக்கி, எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் தண்ணீர் இன்னும் சிவந்துவிட்டது.

கத்தினேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆட்கள் முட்டி மோதிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன் — இவர் இல்லை. இந்தச் சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டா ஊர் திரும்பப் போகிறேன்? அப்படி ஒரு பயத்தை நான் பட்டதேயில்லை. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் இவரை இடுப்போடு பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டார். முழங்காலெல்லாம் ரத்தம். உயிர் இருந்தது, முருகா.

போர்டு எழுதிய பெயின்டர் இலஞ்சிக்காரர். மறுநாள் காலையில் தேடிப்போய்ச் சண்டை போட்டேன்.

"உயிர் போவுத விஷயத்துக்குத் தாமரை எதுக்கு அண்ணாச்சி?"

"சீசன் போர்டுன்னு சொன்னாவம்மா. சீசன் கடைக்கெல்லாம் எழுதுத மாதிரியே எழுதிட்டேன்." அவர் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது.

நாம் எதற்கெடுத்தாலும் பூப் போட்டுவிடுகிறோம். கல்யாணப் பந்தலுக்குச் சரி... அபாயத்துக்குமா?

அன்றைக்கே பெயின்ட் டப்பாவோடு வந்து போர்டை அழித்தார். சாக்பீஸால் ஒரே அளவில் கட்டங்கள் போட்டார். கட்டத்துக்கு ஓர் எழுத்து. குண்டான 'ணீ' ஆனாலும் ஒல்லி 'ர்' ஆனாலும் அதே இடம்தான். வால் இல்லை, சுருள் இல்லை, நிழல் இல்லை; எங்கே பார்த்தாலும் ஒரே தடிமன். மஞ்சளில் கறுப்பு.

"நெருக்கியடிச்சு எழுதுனா கண்ணு வழுக்கிட்டுப் போயிரும். இதுல ஒவ்வொண்ணுலயும் நிக்கும், பாருங்க."

நின்றது. நகையைக் கழற்றிவிட்டுத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக இருந்தன எழுத்துகள். தண்ணீர் தெளிந்திருந்தும் நான் அருவியைவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்த இவரும் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, இதப் பாத்தா குளிக்கவே மனசு வரலையே."

"அப்ப எழுத்து சரியா வந்திருக்கு" என்றார் பெயின்டர், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே.

ஐந்தருவிக்குப் போய், வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு வந்த ஒரே மனிதர் என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும்!