மாமனார் மறித்த சாலை

நனைந்த கம்பளி காயும் வாடை உங்களுக்குப் பிடிக்குமா? எனக்குப் பிடிக்காது. ஈர ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். போன வாரம் மழை விட்டபிறகு, பக்கத்து வீட்டு மாடிக்கொடியில் யாரோ ஒரு குரங்குக் குல்லாவைக் காயப்போட்டிருந்தார்கள். காய்ந்த துணியை எடுக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். என் மாமனாரின் வாடை அது.

போடி வெயிலில் குரங்குக் குல்லாவோடு திரிந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். போடிமெட்டு மலைச்சாலையைப் பராமரிக்கும் இன்ஜினியர். மேலே போனால் பனி, கீழே வந்தால் வெயில். யார் இதை மாட்டி மாட்டிக் கழற்றுவது என்பார். ஆனால் காலையில் மலையேறுமுன் அவருக்கு வீட்டில் ஒரு சோலி உண்டு. மாமியாருக்கு இளைப்பு, பனி நாளில் கையைத் தூக்கினாலே மூச்சு வாங்கும். அதனால் மூன்று மகள்களுக்கும் சடை பின்னுவது இவர் பொறுப்பு. வாசலில் ஜீப்பு உறுமிக்கொண்டிருக்கும். இவர் ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு வகிடு எடுப்பார். கோணலாக வந்துவிட்டால் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஊரில் 'சடை இன்ஜினியர்' என்றே பெயர்.

நாங்கள் பெண் பார்க்கப் போனபோது என் அண்ணன் இதைச் சொல்லிச் சிரித்தான். எனக்கு அப்போதே அந்த வீடு பிடித்துவிட்டது. பெண்ணைப் பிடித்தது அதற்கப்புறம்தான். இதைச் செல்வியிடம் சொல்லிவிடாதீர்கள், நாற்பது வருஷத்துக்கும் மேலாக மறைத்து வைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. மெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் எனக்கு வேலை. கல்யாணமான மறுவருஷம் செல்விக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக மாமியார் மலையேறி வந்திருந்தார். ஐப்பசி அடைமழை வேறு. தோட்டத்து ஜீப்பில் நாங்கள் மூவரும் இறங்கினோம். பாதி மலையில் ஒரு வளைவில், சாலைக்குக் குறுக்கே கயிறு. கயிற்றுக்குப் பக்கத்தில் குல்லாவும் குடையுமாக மாமனார். முன்னால் தோட்ட வேலைக்கார ஜீப்புகள் வரிசையாக நின்றன.

எங்கள் டிரைவர் பாதி மலையாளத்தில் கேட்டார். "காலைல லோடு லாரி போயல்லோ சாரே?"

"போயிருக்கும்ப்பா. இப்ப ரோட்டுக்கடியில தாங்குசெவுரு பிதுங்கியிருக்கு. வண்டி எதையும் விட முடியாது."

மாமியாருக்கு வந்ததே கோபம். "ஏங்க, உள்ள இருக்கது உங்க மக."

"தெரியுது."

ஜீப்புகளில் இருந்த பெண்களே பரிந்து பேசினார்கள். "புள்ளத்தாச்சிய மட்டும் விடுங்கய்யா. நாங்க ஒண்ணுஞ் சொல்ல மாட்டோம்."

"நீங்க சொல்ல மாட்டீக ஆத்தா. செவுரு கேக்கணுமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளைவிடச் சட்டம் பெரிதா இந்த மனுஷனுக்கு என்று மனசுக்குள் திட்டினேன். வழியில் வலி கண்டுவிட்டால் என்ன செய்வது? இந்த மலையில் யாரைக் கூப்பிடுவது?

அவர் ஜீப்புக்குள் குனிந்தார். "எறங்கு ஆத்தா. ஆளு நடந்தா ஒண்ணும் ஆகாது. மலையோரமாவே போயிருவோம்." செல்வியின் செருப்பைக் கழற்றித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். குடையை அவள் தலைக்குப் பிடித்தார். அவளை மலைப்பக்கம் விட்டுத் தான் பள்ளத்துப் பக்கம் நின்று கையைப் பிடித்து நடத்தினார். "வெரசா வேண்டாம், மெல்ல." வளைவு முழுக்க அதையேதான் சொன்னார். மாமியாரோடு பின்னால் போன எனக்கு, நனைந்த அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப்பு கீழ்நோக்கித் திரும்பி நின்றது. உள்ளே வீட்டு மெத்தை, தலையணை, பிளாஸ்க்கில் வெந்நீர். சுவர் பிதுங்கியதைப் பார்த்த உடனேயே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிவிட்டாராம். "மாப்ளே, ஏறுங்க" என்றார். எங்களை அனுப்பிவிட்டு, மற்றப் பெண்களையும் அதே மாதிரி நடத்திக் கூட்டிவரத் திரும்பிப் போய்விட்டார்.

சுவர் விழவில்லை. அந்த மழையைத் தாங்கி நின்றது, அடுத்த மழைக்குள் அவரே பிரித்துக் கட்டிவிட்டார். எங்கள் மகள் சுகமாகப் பிறந்தாள். மாமியார் மட்டும் விடவேயில்லை. "நிக்கிற செவுத்துக்குப் பயந்து வயித்துப்புள்ளக்காரிய நடக்க விட்ட மனுசன்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எண்பதுகளில் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தபோது இந்தக் கேலி தினசரி ஆனது. அவர் சிரித்துக்கொண்டே மாமியாருக்கு வெந்நீர் விளாவிக் கொடுப்பார். "நின்னுச்சுல்ல, அது போதும்." ஒருநாளும் தன் பக்கம் பேசியதில்லை. அப்படி ஒரு மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

இப்போது இருவரும் இல்லை. மலைச்சாலையும் அகலமாகி, பழைய கல் சுவரெல்லாம் கான்கிரீட் ஆகிவிட்டது. போன மாதம் காரில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவாகத் தேடினேன், எனக்குப் பிடிபடவில்லை. "எந்த வளைவு செல்வி?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க" என்றாள். "அப்பா கையப் பிடிச்சிருந்தாரு. நான் ரோட்டப் பாக்கவே இல்ல."