வாடகைக்கு விட்ட கை

பத்து வயதில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து என் இடது கை. அழகான கை என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பருமனான கை. பள்ளிச் சீருடையின் கைப்பகுதியைத் தையல்காரர் இரண்டு முறை பிரித்துத் தைத்தார். மூன்றாம் முறை அளவுகூட எடுக்காமல், அடுத்த வருடம் கால் மீட்டர் துணி கூடுதலாகவே எடுத்துவிடும்படி அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். அந்தக் கையைத்தான் ஒரு கோடை விடுமுறை முழுக்க என் மாமாவுக்கு வாடகைக்கு விட்டிருந்தேன். வாடகை, நாளொன்றுக்கு ஒரு முட்டை பப்ஸ்.

மாமா, அம்மாவின் தம்பி. காரைக்குடியில் எங்களுக்கு அடுத்த வீடு. உரக்கடை வைத்திருந்தார். காலையில் கடையைத் திறந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி சுற்றுமே தவிர அவர் நகரமாட்டார். எதிர்ச்சாரி டீக்கடைக்குக்கூட வண்டியை எடுப்பார். சிகரெட்டை மட்டும் எழுந்துபோய் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பிடிப்பார். அவர் செய்த உடற்பயிற்சி அது ஒன்றுதான். மதியச் சோற்றுக்கு உப்புக்கண்டம் வேண்டும். ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் பிசறி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்து, எண்ணெயில் பொரித்தது. அதற்குத் துணையாக மோர்மிளகாய். அதற்கும் மேலே ஊறுகாய். இதெல்லாம் போக, யாரை வேண்டுமானாலும் அப்படியே நடித்துக் காட்டுவார். பேங்க் மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது, நான் மூச்சு வாங்க மாடிப்படி ஏறுவது, எல்லாம். என்னை அவர் நடித்துக் காட்டும்போது எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பது நான்தான்.

அந்த வருடம் பங்குனியில் கண்டனூரில் இருந்த பெரிய மாமா, அதாவது மாமாவின் அண்ணன், குளித்துவிட்டு வந்து வேட்டி கட்டும்போதே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் விளங்கவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பார்க்கப் போன மாமா, கடைக்கு லோடு வருகிறது என்று வாசலோடு திரும்பிவிட்டார். கூடப் போன அத்தை, மாமாவின் மனைவி, உள்ளே போய் ஒரு பகல் முழுக்க இருந்து பார்த்துவிட்டு வந்தார். வந்த மறுநாளே மாமாவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். திரும்பும்போது ஜூஸ் உண்டு என்பதால் நானும் போனேன்.

டாக்டர் மாமாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு தடவை அடித்தார். பிறகு கேள்விகள்.

"சிகரெட் உண்டா?"

"எப்பவாச்சும் சார்."

"உப்பு, ஊறுகாய்?"

"திட்டமாத்தான் சார்."

"நடக்கிறீங்களா?"

"கடைக்குள்ள நடக்கிறதே பெரிய நடை சார்."

"குடும்பத்துல யாருக்காவது பக்கவாதம் வந்திருக்கா?"

இதைக் கேட்டதும் மாமா மேசையில் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கூடப் பொறந்த அண்ணனுக்கு சார், இப்பத்தான்" என்று அத்தைதான் சொன்னார்.

டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். வீட்டிலேயே ஒரு பிரஷர் மிஷின் வாங்கி வைத்துத் தினமும் காலையில் பார்த்துக் குறித்துவரச் சொன்னார். அத்தை அன்றைக்கே மிஷினை வாங்கினார், கூடவே ஒரு சட்டமும் போட்டார். காலையில் மேல் நம்பர் நூற்று முப்பதுக்குள் இருந்தால் மதியம் உப்புக்கண்டம். தாண்டினால் உப்பில்லாத கஞ்சியும் அவித்த பீர்க்கங்காயும். முதல் வாரம் முழுக்க மாமா பீர்க்கங்காய் தின்றார்.

எனக்கோ அந்த மிஷின்மேல் தீராத ஆசை. பட்டை தானாக உப்பி, தானாக இறங்கி, கடைசியில் நம்பர் சொல்லும் அதிசயம். மேல் நம்பர் கோபம், கீழ் நம்பர் பசி என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். எங்கள் பூனையின் வயிற்றில் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். காற்று ஏறுவதற்குள் பூனை பட்டையோடு பரணுக்குப் போய்விட்டது. ஒரு சுரைக்காய்க்குப் பார்த்ததில் மிஷின் வெறுமனே 'E' என்று காட்டியது. சுரைக்காய் இறந்துவிட்டது என்று அத்தையிடம் போய்ச் சொன்னேன். இந்த ஆராய்ச்சியைப் பார்த்துத்தான் அத்தை என்னை நர்ஸாக நியமித்தார். காலையில் அவர் அடுப்படியில் நிற்க, நான் கூடத்தில் மாமாவுக்குப் பட்டையைச் சுற்றி நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அத்தை எட்டி வந்து திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் எழுதுவார். அது மாமா கடையில் இலவசமாகக் கொடுத்த காலண்டர்.

இரண்டாம் வாரம் மாமா என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மருமகளே, இத வச்சுக்கிட்டு நீ சும்மாவா சுத்திக்கிட்டு இருக்க?"

எனக்கு ஒரு கொள்கை இருந்தது: பொய் சொல்லக் கூடாது. நம்பரை மாற்றிச் சொல்லச் சொன்னால் மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மாமா அப்படிக் கேட்கவே இல்லை. பட்டை என் கையில் இருக்கட்டும், மிஷின் காட்டுவதை அப்படியே படி, அதில் பொய் எங்கே இருக்கிறது என்றார். யோசித்துப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. வேறு எந்தப் பத்து வயதுப் பிள்ளையின் கையிலும் அந்தப் பட்டை தொளதொளவென்று நழுவியிருக்கும். என் கையில் தைத்த மாதிரி பொருந்தியது. தையல்காரர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தொழில் சுலபம் என்று நினைக்க வேண்டாம். பப்ஸை நினைத்தால் நம்பர் ஏறிவிடும். ஓடி வந்தால் ஏறிவிடும். "கோவிலூர் மடத்துல சாமியார் உக்காந்திருக்கிற மாதிரி இரு. மூச்சை மெதுவா விடு. எதையும் ஆசைப்படாத" என்று மாமா பயிற்சி கொடுத்தார். அத்தையின் காலடி கேட்டதும் பட்டையைக் கழற்றி மாமா கையில் மாட்டிவிட வேண்டும். திரையில் நம்பர் அப்படியே நிற்கும். நூற்று ஆறு, நூற்று நாலு, நூற்று எட்டு. நம்பர்தான் நன்றாக இருக்கிறதே என்று மாமா மாத்திரையையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் அத்தை காலண்டரையே சுருட்டி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் தன் மிஷினில் பார்த்தபோது நூற்று எழுபத்தெட்டு. காலண்டரில் முதல் வாரம் போக எல்லாக் கட்டத்திலும் நூற்றுச் சொச்சம். டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சிலருக்கு டாக்டரைப் பார்த்தாலே பயத்தில் ஏறும், வீட்டில் எடுத்தால் சரியாக இருக்கும் என்றார்.

"ஆமா சார். உங்களப் பாத்தா எனக்கு எங்க ஹெட்மாஸ்டர் ஞாபகம் வருது" என்றார் மாமா.

டாக்டருக்கு அது பிடித்திருந்தது. மாத்திரையைக் கூட்டவில்லை. இவ்வளவு அருமையான அளவு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத்தான் இருக்கும் என்று வேறு சொன்னார். எனக்கு அந்த அறையிலேயே பெருமை தாங்கவில்லை.

விடுமுறை முடிய ஒரு வாரம் இருக்கும்போது, சாயங்காலம் என் வாடகையை வாங்கக் கடைக்குப் போனேன். மாமா சிகரெட்டை முடித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதி டீயில் கிளாஸ் மெதுவாகச் சாய்ந்தது. பில் புத்தகத்தின்மேல் டீ ஓடியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாரே தவிர நிமிர்த்தவில்லை. பிறகு என்னிடம் ஏதோ சொன்னார். வாய்க்குள் அல்வாவை வைத்துக்கொண்டு பேசுவது போல வந்தது. உதட்டின் வலது ஓரம் கீழே தொங்கியது.

நான் சிரித்தேன். இது புதிய ஆள், இன்னும் எனக்கு நடித்துக் காட்டாத ஆள் என்று நினைத்தேன். "மாமா, இன்னொரு தடவ செய்ங்க" என்றேன். நானும் வாயைக் கோணி அதே மாதிரி பேசிக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நன்றாக நடிப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள் என்பதால் அவர்மேல் மரியாதைதான் கூடியது.

ஒரு பத்து நிமிடம் போயிருக்கும். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"மருமகளே." இப்போது சரியாக வந்தது. "இத அத்தைக்கிட்ட சொல்லாத. ரெண்டு பப்ஸ் வாங்கித் தாரேன்."

பேக்கரியில் பப்ஸ் தீர்ந்துபோயிருந்தது. கடைப் பையன் ஒரு தேங்காய்ப் பன்னை வாங்கி வந்து நீட்டினான். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும். அன்றைக்கு நடந்ததைப் பற்றி எங்கள் சொந்தக்காரர்கள் பேசும்போதெல்லாம், அந்தச் சின்ன வயசிலேயே பிள்ளைக்கு என்ன புத்தி, ஓடி வந்து சொன்னாளே என்று சொல்வார்கள். நான் ஓடி வரவில்லை. இரண்டு பப்ஸுக்குப் பதிலாக ஒரு பன்னை வாங்கிக்கொண்டு, அதையும் வழியிலேயே தின்றுவிட்டு, உலகத்தின் மேலுள்ள வெறுப்போடு மெதுவாகத்தான் நடந்து வந்தேன்.

அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏந்தாயி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"மாமா ஏமாத்துறாக அத்தை. பப்ஸு தாரேன்னு சொல்லிட்டுப் பன்னு தாராக. வாயக் கோணிக் கோணிப் பேசிக் கேலி வேற பண்றாக."

அத்தையின் கை நின்றது. "எந்தப் பக்கம் கோணுச்சு?"

நடிப்பு மாமா வழியில் எனக்கும் வந்திருக்கிறது. வலது உதட்டைத் தொங்கவிட்டு, அல்வாப் பேச்சுப் பேசி, டம்ளர் சாய்வதையும் சேர்த்துச் செய்துகாட்டினேன். பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தபோது அத்தை அங்கே இல்லை. மடியில் இருந்த வெங்காயத் தோல் வாசல்வரை சிதறிக் கிடந்தது. பால் பொங்கும் முன் அடுப்பை நான்தான் அணைத்தேன். அந்தக் கோடையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. பிறகு ஓடிப்போய், அத்தை பிடித்த ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன்.

கடையில் மாமா ஒரு விவசாயியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன, இம்புட்டுத் தூரம்?"

"ஆட்டோல ஏறுங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன். கடைய யாரு பாக்குறது?"

"கடை இங்குட்டுத்தான் இருக்கும். நீங்க இருக்கணும்ல. ஏறுங்க."

அத்தை சத்தம் போடவில்லை. அதனாலேயே மாமா ஏறிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மேல் நம்பர் இருநூற்றைத் தாண்டியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். அங்கே இருந்த டாக்டர் வெளியே வந்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓர் அடைப்பு வந்து தானாக விலகியிருக்கிறது என்றார். இது எச்சரிக்கை, அடுத்தது விலகாமலும் போகலாம், பேச்சு திரும்பிவிட்டதே என்று வீட்டில் இருக்காமல் உடனே வந்ததுதான் நல்லது என்றார். அத்தைக்கு ஒன்றுதான் புரியவில்லை. காலையில்கூட நூற்று நாலுதானே இருந்தது, நானே பார்த்தேனே என்றார்.

"யாரு எடுத்தது?"

அத்தை என்னைப் பார்த்தார். டாக்டரும் பார்த்தார். என் முகத்தைப் பார்த்த டாக்டர் பிறகு என் கையைப் பார்த்தார். பட்டையை எடுத்து அதில் சுற்றினார். நான் பழக்கத்தில் மூச்சை மெதுவாக விட்டேன், எதற்கும் ஆசைப்படவில்லை. நூற்று ஆறு.

அத்தை அடிப்பார் என்று நினைத்தேன். "எத்தன பப்ஸுடி?" என்று மட்டும் கேட்டார்.

"முப்பத்தெட்டு. ஒரு பன்னு."

வீட்டு மிஷினை மறுநாள் கொண்டுவரும்படி டாக்டர் சொன்னார். எடுத்த அளவெல்லாம் தேதி, நேரத்தோடு அதற்குள்ளேயே பதிந்திருக்கும், பார்க்கலாம் என்றார். இது எனக்குப் புதிய செய்தி. இரண்டு மாதம் பழகிய மிஷின் என்னிடம் சொல்லாமல் இவ்வளவு நாள் எழுதி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன்.

காலை ஏழு மணிக்கெல்லாம் என் நம்பர்கள், ஒழுங்காக, அழகாக. ஆனால் ஒவ்வொரு நாளும் நடுவில் வேறு நம்பர்கள் இருந்தன. மதியம் இரண்டே முக்கால், மூன்று. மாமா சாப்பிட வீட்டுக்கு வந்து, அத்தை டிவி முன்னால் கண் அயரும் நேரம். நூற்று எண்பத்தெட்டு. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. சில நாட்களில் ஒன்றோடு நிற்கவில்லை. மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை, தொடர்ந்து நான்கு ஐந்து: 190, 186, 191, 184, 189.

மாமா எனக்குத் தெரியாமல் இன்னொரு கையும் வாடகைக்கு வைத்திருந்திருக்கிறார். அதுவும் எவ்வளவு மட்டமான கை. ஐந்து தடவை எடுத்தும் ஒரு தடவைகூட நூற்று முப்பதுக்குள் வரத் தெரியவில்லை. அமைதியாக உட்காரக்கூடப் பழக்கவில்லை போலிருக்கிறது. இதற்கும் பப்ஸ் கொடுத்தாரா என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் மாமா மாமாதான். ஏற்கெனவே ஒரு கைக்காக மாட்டிக்கொண்டவர், இன்னொன்றும் தெரிந்தால் அத்தை விடமாட்டார். பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தேன். எல்லாம் அழிந்து திரை வெள்ளையானது.

மறுநாள் டாக்டர் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லையே என்றார். மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"எப்படி சார் இருக்கும்?" என்றார் அத்தை. "ஒரு நாளாச்சும் தானா எடுத்துப் பாத்திருப்பாகளா? அண்ணன் அப்படிக் கெடக்கத் தெரிஞ்சும் ஒரு துளி பயம் கெடையாது இவுகளுக்கு. பயம்னா என்னன்னே தெரியாத மனுசன்."

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மிஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காப்பாற்றிவிட்டேன் என்று நான் கண்ணடித்தேன். நடிக்காத நேரத்தில் என் சேட்டைக்கு மாமா சிரிக்காமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மருந்து மயக்கம் என்று நினைத்தேன். வீடு திரும்பியதும், அந்த மதிய நேரத்துக் கை யாருடையது என்று அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.