பெட்டிக்குள் வந்த காகிதம்

என் தங்கைக்கு இரண்டு பாதமும் ஒரே அளவு கிடையாது. வலது கால் முப்பத்தொன்பதாம் நம்பர், இடது கால் முப்பத்தாறு. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சல், போகிற போக்கில் அந்த இடது பாதத்தை மட்டும் வளரவிடாமல் செய்துவிட்டுப் போனது. நடையில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும். தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். தெரியாதவர்கள் அவள் நடையே அப்படி, கொஞ்சம் மிடுக்கானவள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் பாப்பாதான். தெருவில் வேறு பெயர் இருந்தது: ஒண்ணரை. அந்தப் பெயரை வைத்தவனை நான் ஒரு நாள் நன்றாகக் கவனித்தேன். அதற்கப்புறம் என் காதுபட அவன் சொன்னதில்லை. ஆனால் அவள் காதில் விழுந்தது விழுந்ததுதான். அன்றிலிருந்து வெளியாட்கள் யாரும் அவளுடைய வெறுங்காலைப் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற வீடு என்றால் வாசலோடு பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிடுவாள்.

இதை மறைக்க அவள் சொன்ன பொய்களைக் கேட்டால் சிரிப்பு வரும், பின்னாலேயே வயிற்றெரிச்சலும் வரும். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்துக்குக் கூப்பிட்டபோது ஓடப் பிடிக்கவில்லை என்றாள். டீச்சர் சோம்பேறி என்று எழுதி அனுப்பினார். வாங்கிக்கொண்டு வந்தாள். முதலில் வேலை பார்த்த இடத்தில் டீ தட்டோடு மாடிப்படியில் விழுந்தாள். விழுந்ததற்குக் காரணம் ஷூ. இரண்டு காலுக்கும் முப்பத்தொன்பது வாங்கி, இடது ஷூவின் முன்பக்கம் பஞ்சைத் திணித்துக்கொண்டு போவது அவள் வழக்கம். பஞ்சு வியர்வையில் அமுங்கிவிட்டால் ஷூ தனியாக வரும், கால் தனியாக வரும். அதைச் சொல்லாமல் தலை சுற்றியது என்றாள். முதலாளி நல்ல மனிதர், விடவில்லை. ரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம் பிடித்தார்கள். இல்லாத தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினாள். அப்புறம் ஒரு வரன் வந்தது. புத்தகம் பைண்டு செய்கிற ஆள், அமைதியானவர். அவர் மூக்கு பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். நானும் போய்ப் பார்த்தேன். அந்த மூக்கில் ஒரு குறையும் இல்லை.

காலுக்குத் தக்கபடி இரண்டு அளவில் வாங்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போட்டால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது ஒன்று குட்டை என்று குருடனுக்கும் தெரியும். அளவெடுத்துச் செய்பவரிடம் போகலாமே என்றால், போனாள். கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்துக் காலை அளந்தார் அவர். தெருவே நின்று பார்த்தது. அளவு கொடுத்தவள் ஷூவை வாங்கக்கூடப் போகவில்லை.

ஆக, பஞ்சோடு வழுக்குவதா, பார்க்கிறவன் கண்ணில் படுவதா என்று வந்தால் அவள் வழுக்குவதைத்தான் எடுத்துக்கொள்வாள்.

இதற்கு ஒரே ஒரு விடுதலை கிடைத்தது, அதுவும் நம்மைப் போன்றவர்கள் வாசலைக்கூட மிதிக்காத ஒரு பெரிய உடுப்புக் கம்பெனியின் தள்ளுபடி விற்பனையில். அவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை காலியாகக் கிடக்கும் கார் ஷோரூம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தேங்கிப் போனதை எல்லாம் கொட்டி விற்பார்கள். அங்கே ஒரு கறுப்பு ஷூ. மேலே பெரிய வெள்ளி வளையம் ஒன்று. பார்க்கிறவன் கண் நேரே வளையத்துக்குத்தான் போகும், நீளத்துக்குப் போகாது. தோலும் அப்படி, காலைக் கையால் பிடிப்பது போலப் பிடித்துக்கொள்ளும். முப்பத்தாறில் ஒரு ஜோடி, முப்பத்தொன்பதில் ஒரு ஜோடி வாங்கி, இதில் இடதும் அதில் வலதுமாகப் போட்டுக்கொண்டாள். அதைப் போட்டிருந்த காலம் முழுக்க அவள் தரையைப் பார்த்து நடக்கவில்லை. மிச்சம் நின்ற இரண்டும் அலமாரி மேல் பெட்டியில் கிடந்தன.

"இதுக்குத் தகுந்த காலோட எங்கயாவது ஒருத்தி இருப்பா, தேடிப் பிடிச்சுக் குடுத்துடலாம்" என்றாள் என் மனைவி.

"இருந்தாலும் அவ சொல்லமாட்டா, அண்ணி" என்றாள் பாப்பா.

இரண்டு முறை அடித்தோல் மாற்றிப் போட்ட பிறகு அந்த ஷூ தேய்ந்து பிளந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கண் ஆஸ்பத்திரி வேலை வந்தது. அதுவரை ஒரு கம்பெனியின் போன் அறையில் உட்கார்ந்திருந்தாள். மேஜைக்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்காத வேலை. அதை விட்டுவிட்டு நடக்கிற வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். ஆபரேஷன் முடிந்து கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அறையிலிருந்து அறைக்கு, அங்கிருந்து படி இறங்கி வாசலுக்கு.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை வீட்டில் என்னை வைத்துப் பழகினாள். கண்ணைத் துண்டால் கட்டி, ஒரு கையால் என் கையைப் பிடித்து, இன்னொரு கையை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடத்தினாள்.

"ரெண்டு கையும் அவங்களுக்குத்தான்ண்ணே. சுவரைப் பிடிக்கக் கூடாது, கம்பியைப் பிடிக்கக் கூடாது. நாம பிடிச்சா அவங்களுக்குப் பயம் வந்துடும்."

"இவரைக் கட்டின நாள்லேருந்து நானும் இப்படித்தான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து. "கண்ணுல கட்டு மட்டும்தான் இல்ல."

பாப்பா வெறுங்காலோடு நடந்தாள். எங்கள் முன்னால் மட்டும்தான் அப்படி நடப்பாள். என்னைப் போன்ற உடம்பைத் தாங்கிக்கொண்டு, பின்வாசல் படியில் ஒரு தடுமாற்றம் இல்லாமல் இறக்கினாள். ஷூ மட்டும் சரியாக அமைந்துவிட்டால் போதும் என்று எனக்கு அப்போது தோன்றியது. அமையாவிட்டால் விழப்போவது அவள் ஒருத்தி இல்லை.

ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை சேரச் சொல்லியிருந்தார்கள். தள்ளுபடி விற்பனை சனிக்கிழமை தொடங்கியது. கடைகளுக்கு மெத்தை ஏற்றிப் போகிற என் வண்டியிலேயே போய் இறங்கினோம். வரிசையில் நான் ஒருத்தன்தான் ஆம்பளை என்று சொல்லலாம். கறுப்புக் கண்ணாடி, கையில் காப்பி, கிசுகிசுப்பு. கதவு திறந்ததும் அத்தனை நாகரிகமும் போன இடம் தெரியவில்லை.

உள்ளே புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள். ஒரு மாடலில் ஒருவருக்கு ஒரு ஜோடிதான். வாங்கியதைத் திருப்ப முடியாது. மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் வெளியே இரண்டு மடங்குக்கு விற்கிறவர்கள் பெருகிவிட்டார்களாம். பாப்பா பலகையைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், மேஜைப் பக்கம் போனாள். நான் பெல்ட் தொங்குகிற இடத்தில், ஒரு பெல்ட்டின் விலையைப் பார்த்துவிட்டு அதை எடுத்த இடத்திலேயே பத்திரமாக மாட்டிக்கொண்டிருந்தேன். வந்தவள் முப்பத்தொன்பதாம் நம்பர் பெட்டியை என் கையில் திணித்தாள்.

"நீ அந்த கவுண்டர், நான் இந்த கவுண்டர். என்னைத் தெரியாத மாதிரி இரு."

"அதெல்லாம் எனக்குச் சொல்லித் தரணுமா? உங்க அண்ணிகிட்ட தினம் அதைத்தானே பண்றேன்."

சிரித்துக்கொண்டே போனாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான்.

என் கவுண்டரில் இருந்த பெண் ஷூவையும் என் மீசையையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருக்கு சார்?"

"எனக்குத்தான். வீட்டுல போட்டுக்க."

வாயைப் பொத்திக்கொண்டு பில் போட்டாள். பணத்தைக் கட்டி, பையை வாங்கிக்கொண்டு திரும்பினால், பாப்பாவின் கவுண்டரில் கூட்டம் அப்படியே நின்றிருந்தது. காதில் ஒயர் மாட்டிய ஒரு சூப்பர்வைசர் அவள் பக்கத்தில் நின்றிருந்தார்.

"மேடம், அந்த மீசைக்காரர் உங்ககூட வந்தவர்தானே?"

"எந்த மீசைக்காரர்?"

"நீங்க அவர் கையில ஒரு பெட்டியைக் குடுத்ததை நான் பாத்துட்டுத்தான் வரேன். அதே மாடல். அவர்கிட்ட ஒரு சைஸ், உங்ககிட்ட ஒரு சைஸ்."

பாப்பா பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்ன மேடம், உங்களுக்கு ஒரு கால் ஒரு சைஸு, இன்னொரு கால் இன்னொரு சைஸா?"

வரிசையில் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்தார். மனதில் விஷம் வைத்துச் சொன்னவராக எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற மனிதன், வாயில் வந்ததைச் சொன்னார்.

நான் நெருங்கிப் போனேன். ஆமாம்யா, அப்படித்தான் என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. பாப்பா என்னைப் பார்த்தாள். சின்ன வயசில், கலர் சாக்குக்கட்டியால் சுவரில் கிறுக்கிவிட்டு அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை இல்லை. சொன்னால் இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்கிற பார்வை.

சூப்பர்வைசர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, பிரச்சினை வேணாம். இது உங்களுக்குத்தான்னா இங்கயே போட்டுக் காட்டுங்க. ரெண்டு காலுக்கும் பொருந்துச்சுன்னா நானே பில் போடச் சொல்றேன்."

யாரோ ஒரு முக்காலியைக்கூட இழுத்துப் போட்டார்கள். பாப்பா அதைப் பார்த்தாள். பெட்டியை மெதுவாக கவுண்டர் மேல் வைத்தாள்.

"எனக்கு இல்ல" என்றாள். "விக்கத்தான் வாங்கினேன்."

குரல் நடுங்கவில்லை. கேட்டவர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள்.

"இவங்களாலதான் நமக்கு சைஸே கிடைக்கறதில்ல" என்றாள் கண்ணாடி போட்ட ஒருத்தி. "பாத்தா பாவமா இருக்கு. செய்யறது இந்த வேலை" என்றாள் இன்னொருத்தி. சூப்பர்வைசர் போனை எடுத்து பாப்பாவைப் படம் பிடித்தார். இனி எந்த வருஷமும் உள்ளே விடமாட்டார்களாம். படம் எடுக்கும்போது நிமிர்ந்து நின்றாள். என்னைப் பார்த்து, "பில் போட்டாச்சு, நீங்க எடுத்துட்டுக் கிளம்புங்க சார்" என்றார் அவர், ஏதோ பிச்சை போடுகிறவர் மாதிரி.

வண்டிக்குள் ஏறியதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அறிவிருக்கா உனக்கு? திருட்டுக் கும்பல் மாதிரி போட்டோ பிடிச்சு அனுப்பறான். ரெண்டு காலையும் எடுத்து அவன் முகத்துக்கு நேரா நீட்டியிருக்க வேண்டாமா?"

"எதுக்கு?"

"எதுக்கா? ஷூ உன் கையில இருந்திருக்கும்."

"விக்கறவன்னு சொன்னா அவங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடுவாங்க. இதைப் பாத்திருந்தா சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பாங்கண்ணே. பாவம்னு வேற சொல்லுவாங்க."

"ஆஸ்பத்திரியிலயாவது சொல்லித் தொலை. உக்கார வேலை குடுப்பாங்க."

"உக்காந்தாச்சு. நிறைய உக்காந்தாச்சு. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

மறுநாள் என் மனைவி கிளம்பிப் போனாள். முப்பத்தாறு எங்கேயும் இல்லை. முந்தின நாள் பாப்பாவிடம் பிடுங்கி வைத்த ஜோடியும் மேஜைக்குத் திரும்பிய கையோடு விற்றுப் போய்விட்டதாம். போனதற்குச் சும்மா வரக் கூடாது என்று தனக்கு ஒரு கழுத்துத் துணி வாங்கி வந்தாள். அதைப் போட்டுக்கொள்ள மனம் வராமல் பீரோவில் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரி எதிரே வண்டியை நிறுத்தினேன். பாப்பா மடியில் பெட்டியைத் திறந்தாள். புது முப்பத்தொன்பது, இரண்டும். வெள்ளி வளையம் மின்னியது. ஷூவைச் சுற்றி வைத்திருந்த காகிதத்தை எடுத்தாள். மெல்லிசு, பட்டு மாதிரி, கம்பெனி பெயர் வரிவரியாக அச்சடித்திருந்தது. அதை நீவி, மடித்து, திரும்ப மடித்து, இடது ஷூவின் முன்பக்கத்தில் திணித்தாள். காலை நுழைத்துப் பார்த்தாள். எடுத்து இன்னொரு மடிப்பு சேர்த்தாள்.

"பஞ்சை விட இது நல்லா இருக்குண்ணே. அமுங்கல."

"மத்தியானம் வரைக்கும் தாங்குமா?"

"பாக்கலாம்."

இறங்கிப் போனாள். மெத்தை இறக்க வேண்டிய இடத்திலிருந்து போன் மேல் போன். நான் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே சில படிகள், ஓரத்தில் இரும்புக் கம்பி. வெயில் ஏறிய நேரத்தில் கதவு திறந்தது. பாப்பா ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவருக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. அவள் கையை அவர் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"இங்க படி இருக்கு, ஐயா. என் கையை விடாதீங்க. நான் இருக்கேன்."

என் இடத்துக்கே கேட்டது, அவ்வளவு தெளிவான குரல். இடது காலை முதலில் வைத்தாள். ஒரு நொடி அப்படியே நின்றாள். காலோடு ஷூ வருகிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்கு மட்டும்தான் புரியும். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய கை அங்கே இல்லை. கம்பியைப் பிடித்திருந்தது, விரல் வெளுக்கிற அளவுக்கு. பெரியவருக்கு அது தெரிய வழியில்லை. அவள் சொன்ன இடத்தில் நம்பிக் காலை வைத்துக்கொண்டிருந்தார்.