அனுமதி பெற்ற கற்பூரம்

எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேராவது, ஒருமுறையேனும் அவரிடம் தீப்பெட்டியைப் பறிகொடுத்திருப்பீர்கள். அதற்காகக் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. அவர் ஏன் அப்படி இருந்தார் என்பதை மகள் என்ற முறையில் எழுதிவைக்க ஆசைப்படுகிறேன்.

அப்பா பிறந்தது கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையை விட்டுக் கடலோரமாக ஒதுங்கியிருந்த ஒரு சிற்றூரில். மணல் பூமி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் சவுக்கும் போட்டுப் பிழைத்த குடும்பம். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட, அப்பாவைப் படிக்கவைத்தவர் அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா. பெட்ரோகெமிக்கல் ஆலைக்காக எங்கள் பக்கத்து நிலங்களை எடுத்தபோது, நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். முறைப்படி அது மூத்தவருக்குப் போகவேண்டிய வேலை. "நான் எங்கனா பொழைச்சிக்குவேன். படிச்சவன் நீ, நீ போ" என்று பெரியப்பா அப்பாவை அனுப்பிவிட்டு, மேல்பட்டாம்பாக்கத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்துக் குடியேறிவிட்டார். அப்பா கடைசிவரை அதை மறக்கவில்லை.

ஆலையில் தீயணைப்புப் பிரிவில் சேர்ந்து, பின்னாளில் பாதுகாப்பு அதிகாரி ஆனார். ஆனால் முதல் நாள் பார்த்த வியப்பு கடைசி நாள்வரை அவரை விட்டுப் போகவில்லை. எண்ணெயைப் பிரிக்கும் பெரிய கோபுரத்தை நிமிர்த்திய நாளைப் பற்றி அவர் சொல்லிக் கேட்காத உறவினர் யாரும் இருக்க முடியாது. ஒரு தெரு நீளத்துக்கு லாரியில் படுத்துக்கொண்டு வந்த இரும்பு, இரண்டு கிரேன்கள் பிடிக்க, நிழல் நகர்வது போல நகர்ந்து நகர்ந்து எழுந்து நின்றதாம். ஆயிரம் பேர் கூடியிருந்த இடத்தில் ஒருவரும் பேசவில்லையாம். "எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும்னு தோணிச்சி. பக்கத்துல எஞ்சினியர் நின்னாரு, அதான் வுட்டுட்டேன்" என்பார்.

அம்மா சிதம்பரம் கீழவீதியில் பிறந்து, கண் விழித்ததும் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்தவர். கல்யாணமான புதிதில் ஆலையைச் சாலையிலிருந்து பார்த்துவிட்டு, "எங்க ஊரு கோபுரம் கூட இத்தினி ஒசரம் இல்லியே" என்று மலைத்துப்போனாராம். அப்பாவுக்கோ சிதம்பரத்தில்தான் மலைப்பு. நடராஜர் முன்னால் நின்று மற்றவர்கள் தூக்கிய திருவடியைப் பார்ப்பார்கள். அப்பா இடது கையில் இருக்கும் தீயைப் பார்ப்பார். "கையிலயே நெருப்ப வச்சிக்கினு ஆடறாரு. ஒரு பொறி கீழ வுழுதா பாரு" என்பார். ஒவ்வொரு முறையும் இதையே சொல்வார். நாங்களும் ஒவ்வொரு முறையும் பார்ப்போம்.

வீட்டிலும் அப்படித்தான். கடலூர் செம்மண்டலத்தில் நாங்கள் குடியிருந்த தெருவே கார்த்திகை விளக்கு ஏற்றும்போது எங்கள் வாசலில் மட்டும் விளக்குகளோடு ஒரு பக்கெட் தண்ணீரும் இருக்கும். "இந்த மனுஷன் எறும்புக்கு விளக்கு வச்சாலும் பக்கெட்டோட வந்து நிப்பாரு" என்று அம்மா சலித்துக்கொள்வார். ஆலையைக் குறைசொல்லி ஊர்க்காரர்கள் வந்தால் அப்பா மறுத்துப் பேசமாட்டார். கேஸ் வாடை வந்தது என்று யாராவது சொன்னால், சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

இனி, எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்த அந்தச் சண்டையைச் சொல்கிறேன்.

எங்கள் குலதெய்வம் பச்சைவாழியம்மன், எடுக்கப்பட்ட நிலத்திலேயே ஆலைச் சுவருக்குள் இருக்கிறாள். ஆலைக்காரர்கள் கோயிலைத் தொடவில்லை. ஆடியில் ஒரு நாள் உள்ளே போகவும் விட்டார்கள். பொங்கல் வைத்து, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு வந்தோம். பிறகு ஆலை விரிந்தது. கோயிலை ஒட்டியே புதிய டேங்குகள் எழுந்தன. அந்த இடத்தில் நெருப்பு கூடாது என்று முடிவானது. அதைச் சொல்லவேண்டிய அதிகாரி அப்பா.

அந்த ஆடியில்தான் பெரியப்பா தன் பேத்தி கயலுக்கு மொட்டையடித்துக் காது குத்த ஏற்பாடு செய்திருந்தார். வேன்களில் உறவு முழுவதும் வந்து ஆலை கேட்டில் இறங்கியது. ஆலையின் மேலாளரே ஊர்ப் பொல்லாப்புக்குப் பயந்து, "ஒரு கற்பூரம்தானே, நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்று அப்பாவிடம் விட்டுவிட்டார். அப்பா ஹெல்மெட்டோடு வந்து கேட்டில் நின்றார்.

"அண்ணே, பூ போடு, மாலை போடு, தேங்கா ஒட. நெருப்பு மட்டும் வாணாம்."

"கற்பூரம் காட்டாம என்னாடா சாமி கும்பிடறது?" என்ற பெரியப்பா, ஆலைக்கு மேலே இரவும் பகலும் எரியும் புகைபோக்கிச் சுடரைக் கைகாட்டினார். "அதோ எரியுதே, அது என்னா? கம்பெனி கொளுத்தினா சரி, ஆத்தாளுக்குக் கொளுத்தினா தப்பா?"

"அது ஒசரத்துல எரியுது. மிஞ்சிப்போன கேஸ எரிக்கறாங்க. கீழ அப்படி இல்லண்ணே."

"ஆத்தா பாத்துக்குவாடா."

"பாத்துக்குவா. உள்ள வேலை செய்யறவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

பெரியப்பா தம்பியின் ஹெல்மெட்டைக் காட்டி, "நான் குடுத்த வேலைடா அது" என்றார். அப்பா வழியை விடவில்லை. அந்த நேரத்தில் அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

வேன்கள் திரும்பிவிட்டன. ஆத்தா சன்னிதியில் கற்பூரம் எரிகிற அன்றைக்குத்தான் பேத்திக்குக் காது குத்துவேன் என்று பெரியப்பா சூளுரைத்தார். கயல் மூளிக் காதோடு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். பார்க்கிறவர்களெல்லாம் கேட்டார்கள், காரணம் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் பெயர் அடிபட்டது. என் கல்யாணத்துக்குப் பெரியப்பா வந்தார், அட்சதை போட்டார், சாப்பிடாமல் போய்விட்டார். அன்று பந்தியில் அப்பாவும் உட்காரவில்லை.

வழி பிறந்தது ஆலையின் ஷட்டவுன் சமயத்தில். எல்லா இயந்திரங்களையும் நிறுத்திப் பழுது பார்க்கும் காலம் அது. டேங்குகளைக் காலிசெய்து, குழாய்களில் மிச்சமிருப்பதையும் வெளியேற்றி, காற்றைச் சோதித்த பிறகு, எழுத்தில் அனுமதி கொடுத்து வெல்டர்களை உள்ளே விடுவார்கள். அப்படி ஒருவர் கோயில் பக்கத்தில் குழாயை ஒட்டவைத்துக்கொண்டிருந்தபோது, அந்த வெளிச்சத்தில் அம்மன் முகம் பளிச்சென்று தெரிந்ததாம். அப்பா அங்கேயே நின்றுவிட்டாராம். இந்த வெல்டருக்கு நெருப்பு வைக்க அனுமதி உண்டென்றால் ஆத்தாளுக்கும் உண்டுதானே என்று தோன்றியதாம்.

வேலை: கற்பூரம் ஏற்றுதல், பொங்கல் வைத்தல். முன்னெச்சரிக்கை: தண்ணீர்க் குழாயுடன் தீயணைப்பு வீரர்கள். அனுமதிப் படிவத்தில் இப்படி எழுதி அப்பா நீட்டியபோது மேலாளர் முதலில் சிரித்தாராம், பிறகு கையெழுத்துப் போட்டாராம்.

அன்று மாலையே அப்பா மேல்பட்டாம்பாக்கம் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார்.

"ஆடி இல்லியே இப்போ" என்றார் பெரியப்பா.

"கம்பெனிக்கு இப்பத்தாண்ணே ஆடி."

பெரியப்பா சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "உள்ள வாடா, சாப்பிட்டுப் போவ" என்றார்.

அந்த நாளை என்னால் விவரிக்க முடியுமா என்று தெரியவில்லை. எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும் ஆலை அடங்கிக் கிடந்தது. அத்தனை ஆண்டுகளில் முதன்முறையாகக் கடலின் ஓசை கோயில்வரை கேட்டது. உயரத்துச் சுடர் அணைக்கப்பட்டிருந்தது. வெல்டர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். வானத்தை மறைத்து நிற்கும் அந்த இரும்புக் கோபுரங்களுக்கு நடுவே, முழங்கால் உயரக் கோயிலின் முன்னால் நாங்கள் நின்றோம். அப்பா, காற்றில் கேஸ் கலந்திருக்கிறதா என்று காட்டும், உள்ளங்கையில் அடங்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார். அம்மன் பாதத்தருகே பிடித்தார். அவரைப் பார்த்தால் தீபாராதனை காட்டுகிறவர் போலவே இருந்தது.

"அண்ணே, இப்ப கொளுத்து" என்றார்.

பெரியப்பா கிழித்த குச்சிகளைக் கடல்காற்று அணைத்தது. கடைசியில் கற்பூரம் பற்றியபோது, அவ்வளவு பெரிய ஆலையில் எங்கள் ஆத்தாள் முன்னால் மட்டும்தான் தீ எரிந்தது. காது குத்தும்போது கயல் போட்ட கூச்சலுக்கு டேங்குகள் எதிரொலித்தன. எல்லோரும் கும்பிட்டார்கள், அப்பா கும்பிடவில்லை. கண்கொட்டாமல் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் பொங்கல் அடுப்பின் சாம்பலில் தண்ணீர் ஊற்றி, உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகு, அந்த ஈரச் சாம்பலையே எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிலிருந்து ஷட்டவுன்தான் எங்கள் குலதெய்வத் திருவிழா. வெளியூரில் இருக்கும் மாமாக்களும் மச்சான்களும் லீவு கேட்பதற்குமுன் ஷட்டவுன் தேதி கேட்டு அப்பாவுக்குத்தான் போன் செய்வார்கள்.

ஓய்வு பெற்ற பின்னும் ஆலை அந்த நாளுக்கு அப்பாவை அழைத்தது. சென்ற ஆண்டு இதயம் தளர்ந்த அவரை மஞ்சக்குப்பத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பெரியப்பா கண்ணேறு கழிக்கக் கற்பூரம் கொண்டுவந்தார். அப்பா பேச முடியாமல் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை விரலால் தொட்டுக்காட்டினார். "தெரியும்டா, கொளுத்தல" என்று பெரியப்பா அதை மடியில் முடிந்துகொண்டு, வெறுங்கையால் திருஷ்டி சுற்றினார். இரண்டு நாள் கழித்து அப்பா எங்களை விட்டுப் போனார்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சீருடையோடு வந்து அவரைத் தோளில் சுமந்த தீயணைப்புப் பிரிவு அண்ணன்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டு அடுப்பை மூட்டவிடாமல் சோறு அனுப்பிய செம்மண்டலத்துத் தெருவாருக்கும், அம்மாவைத் தனியே விடாமல் மாறி மாறி வந்து தங்கிய சிதம்பரத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

போன மாதம் ஷட்டவுன் வந்தது. அப்பா போய் வருஷம் திரும்பாமல் கோயிலுக்குப் போகலாமா என்று சிலர் தயங்கினார்கள். "அவன் நம்மள சேர்த்து வச்ச நாள், நான் வுடமாட்டேன்" என்று பெரியப்பா எல்லோரையும் கிளப்பிவிட்டார். கோயில் முன்னால் கற்பூரத்தை வைத்துவிட்டு, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஏன் நிற்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை.

"தம்பி, கேஸ் டெஸ்ட் பண்ணியாச்சா?" என்று புது அதிகாரியிடம் கேட்டார்.

"காலையிலயே பண்ணியாச்சுங்க ஐயா."

"என் கண்ணு முன்னால இன்னொரு வாட்டி பண்ணுப்பா."

அந்த அதிகாரி மறுபேச்சில்லாமல் மீட்டரோடு சுற்றி வந்து, அம்மன் பாதத்தருகே பிடித்துக் காட்டினார். பெரியப்பா கற்பூரம் ஏற்றினார். நாங்கள் கும்பிட்டோம். அவர் கும்பிடவில்லை, தீயையே பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கல் இறக்கியதும் தானே குடத்தைத் தூக்கிச் சாம்பலில் தண்ணீர் ஊற்றினார். மெதுவாக உட்கார்ந்து, உள்ளே கையை விட்டார்.

"ஆறிடுச்சுடா" என்றார். அப்பா வழக்கமாக நிற்கும் பக்கம் திரும்பித்தான் சொன்னார்.