முட்டிக்கொண்ட இரண்டு சாட்சிகளும் சூசை வாத்தியாரும்

நேற்று உச்சிவேளையில் அனுமந்தன்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வண்டிக்காரர்தான் சொன்னார்: "சூசை வாத்தியாரு போயிட்டாக. மண்டைக் காயம் சீழ் வச்சிருச்சு." உழுதுகொண்டிருந்த நான் ஏரை அப்படியே விட்டுவிட்டேன்.

ஊர்ப் பஞ்சாயத்தில் பல ஆண்டுகள் அவரும் நானும் அருகருகே உட்கார்ந்தோம். எங்கள் வழக்கப்படி, சாட்சி கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து, உண்டு என்றால் வலப்பக்கமும் இல்லை என்றால் இடப்பக்கமும் போய் நிற்க வேண்டும். தெரியாதவனுக்கு நடுவே இடம் விடச் சொல்லி அவர் சண்டை போடுவார். ஒருமுறை மாடு மேய்ந்த வழக்கில், மேய்ந்த பயிரைப் பார்த்தேன், மாட்டைப் பார்க்கவில்லை என்று தாமே நடுவில் போய் நின்றார். இரு தரப்பும் அவரைத் திட்டித் தீர்த்தன. நானும் கேலி செய்தேன்.

இந்தத் தை மாதம் வாய்க்கால் தண்ணீருக்காக என் தங்கை மகனைக் கழுத்தறுத்துப் போட்டார்கள். பக்கத்து வயல்காரன் கருப்பன் அன்று விடியலில் அரிவாளோடு மடையில் நின்றதைப் பார்த்ததாக ஒருவர் சத்தியம் செய்தார். அதே விடியலில் அவனைக் கூடலூர்ச் சந்தையில் பார்த்ததாக இன்னொருவர் சத்தியம் செய்தார். இருவருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள். சாட்சியே இப்படி முட்டிக்கொண்டால் இனி எந்த நியாயமும் இல்லை, அவன் வீட்டையே கொளுத்தலாம் என்று கூட்டம் கிளம்பியது. கருப்பன் ஓடிவிட்டான். உள்ளே அவன் மனைவி, நிறைமாதம்.

வாத்தியார் கதவை மறித்து நின்றார்.

"ரெண்டு சாட்சி முட்டுனா முட்டுன எடந்தேன் இருட்டு. அத வச்சு எத வேணாலும் செய்யலாம்னு ஆயிராதுப்பா. உள்ள இருக்கவ என்ன செஞ்சா?"

கல் பறந்தது. மண்டை பிளந்து முகமெல்லாம் ரத்தம் வழிந்தும் அவர் கதவுநிலையை விடவில்லை. அதற்குள் அந்தப் பெண்ணைப் பின்சுவர் வழியாக யாரோ இறக்கிவிட்டார்கள். பிறகுதான் அவர் விழுந்தார். கூரை எரிந்தது.

படுக்கையில் கிடந்தவரிடம் எறிந்தவர் யார் என்று விசாரித்தார்களாம். "கண்ணுல ரத்தம். பாக்கல. பாக்காதத எப்படிச் சொல்ல?" என்றாராம்.

வாத்தியாரே, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். மருமகன் போன வெறியில் நானும் எறிந்தேன். என் கல் உங்கள்மேல் பட்டதா என்று எனக்குத் தெரியாது. எறிந்தது உண்டு. இன்று உங்கள் குழியில் மண் தள்ளிய கையும் அதுதான். போய் வாருங்கள்.