சைராகுல் எண்ணிய கரி வாளிகள்

என் கொழுந்தன் ஓரோஸ்பெக்கின் மனைவி சைராகுல், எங்கள் மலையூரான நாரினில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்துவந்தாள். வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கு அள்ளும் நிலக்கரியை வாளி வாளியாக எண்ணி நாள்காட்டியில் எழுதுவாள். பக்கத்திலேயே அன்றைய குளிர் எத்தனை பாகை என்பதும் இருக்கும். கரிக்கெல்லாம் ஆஜர் எடுக்கிறாயா என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

ஒரு வருஷம் ஓரோஸ்பெக்கின் நெஞ்சு கெட்டுப்போனது. கரிப்புகையோடு இன்னொரு குளிர்காலம் தாங்காது என்றுவிட்டார் மருத்துவர். அடுப்புக்குப் பதில் மின்சாரக் கொதிகலன் வைக்கவேண்டும். இல்லையென்றால் ஆடுகளை விற்றுவிட்டுத் தலைநகர் பிஷ்கெக்கில் மகள் வீட்டுக்குப் போகவேண்டும். ஏழாவது மாடியில் உட்கார்ந்து சாவதற்கு இங்கேயே இருமிச் சாகிறேன் என்றான் அவன்.

கொதிகலன் பொருத்தும் எசென், எங்கள் பெரிய நாத்தனாரின் மருமகன். பத்துச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்று எல்லோரும் போடும் கணக்கைத்தான் அவனும் போட்டான். வீடு தொண்ணூறு, ஆகவே ஒன்பது. எங்கள் தெருவிலோ ஆறு கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்க அனுமதி கிடையாது.

"ஆறு வெச்சா ஜனவரியில எல்லாரும் கோட்டுக்குள்ளதான் தூங்கணும், அத்தை."

சைராகுல் மூன்று வருஷத்து நாள்காட்டிகளைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"வீட்ட அளக்காதப்பா. வீடு எவ்வளவு தின்னுதுன்னு பாரு."

தேநீரைத் தள்ளிவைத்துவிட்டுப் புரட்டினான். கடுங்குளிர் நாட்களில் நான்கு வாளி, நான்கு, மறுபடி நான்கு. அவன் முகம் தெளிந்தது. அப்புறம் ஒரு வாரம் வந்தது: ஏழு, எட்டு, எட்டு. பேனாவை மூடிவிட்டான். அதைத் தாங்கப் பதினொன்று வேண்டுமாம்.

அந்தத் தாளைக் கிழித்திருக்கலாமே என்று அவள் காதில் முணுமுணுத்தேன்.

"கிழிச்சா அவருதானேக்கா குளிர்ல கிடப்பாரு."

நாள்காட்டியை வாங்கித் தேதியைப் பார்த்தேன். எனக்குப் படிப்பு குறைவு. ஆனால் குடும்பத்தில் யார் என்றைக்குப் போனார்கள் என்பது மறக்காது. அது பக்கத்து வீட்டுச் சின்ன மாமனார் இறந்த வாரம். துக்கத்துக்கு வருகிறவர்களை உறவுக்காரர்கள் வீடுவீடாகப் பிரித்துக்கொள்வோம். தாலாஸிலிருந்து வந்த நாற்பது பேர் சைராகுலின் பங்குக்கு விழுந்தார்கள். மூன்று நாள் கதவு மூடவேயில்லை. முற்றத்தில் குதிரைக்கறி வெந்த அண்டாவுக்கும் அவள் கரிதான்.

எசென் வாளிக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தான். அந்த வாரம் குளிர் உறைநிலைக்குக் கீழே வெறும் பன்னிரண்டு பாகை. நான்கு வாளி எரித்த நாட்களிலோ முப்பத்துமூன்று.

"சாவுக்கு வந்தவங்களையும் சேத்து அளந்துட்டேன்," என்று தலையைச் சொறிந்தான்.

நான்கு வாளிக்கு நாற்பது கிலோ. பழைய அடுப்பு புகைபோக்கி வழியே வீணடித்ததைக் கழித்து, நாள் முழுதுக்கும் பிரித்தான். ஐந்தரை வந்தது. ஆறு போதும்.

"ஆனா யாராவது போயிட்டா கதவச் சாத்தியே வையுங்க, அத்தை."

"சரிடா, நான் கோடையாப் பாத்துப் போறேன்," என்றான் ஓரோஸ்பெக் படுக்கையிலிருந்து.

கொதிகலன் வைத்த பிறகு வந்த ஜனவரியில் ஒருநாள் குளிர் முப்பத்துநான்குக்கு இறங்கியது. விடிந்ததும் பயந்துகொண்டே போன் செய்தேன்.

"மெதுவாப் பேசுக்கா. வெறும் சட்டையோட தூங்குறாரு. ராத்திரி ஒரு தடவகூட இருமல."

இப்படி ஒருத்தி எங்கள் குடும்பத்துக்கு வாய்த்ததற்காக அன்று எங்கள் வழக்கப்படி எண்ணெயில் ரொட்டி பொரித்துத் தெரு முழுக்கக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடமெல்லாம், என் கொழுந்தன் தூங்குகிறான் என்றேன்.