சரிதாவின் வகிடு

பக்கத்துத் தறிக்காரி பொன்னாயி காய்ச்சலில் கிடந்தபோது, கேட்காமலே அவளுடைய தறியையும் சேர்த்து ஓட்டிக் கொடுத்தவள் சரிதா.

சரிதாவின் அப்பா வழியில் எல்லோருக்கும் முடி உதிரும். அண்ணன் அருணகிரிக்கு நெற்றி ஏறி உச்சியும் வழுக்கையானது. "யோகக்காரருங்க" என்று சிரித்துப் பெண் கொடுத்தார்கள். சரிதாவுக்கு முன்முடி அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகன்றுகொண்டே போனது. "என்ன சீக்கோ" என்று வந்த வரன்கள் திரும்பிப் போயின.

அடுத்த வரன் வருமுன், வேண்டுதல் என்று சொல்லித் திருச்செங்கோட்டில் மொட்டை போட்டுக்கொண்டாள். பக்தியான பெண் என்று மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை முடித்தார்கள். உண்மை பொன்னாயிக்கு மட்டுமே தெரியும்.

சரிதா வெண்ணந்தூரை விட்டுப் புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய அன்றுதான் இருவரும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது.

"மறுக்காவும் வகிடு தெரியுதுங்கக்கா. வருசா வருசம் மொட்டை போடோணும்னு அவருகிட்டச் சொல்லியிருக்கேன். சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்றேனே, அதுதானுங்க உறுத்துது."